சைலன்சரை மாற்றினோம், வண்டி ஏன் திணறுது?



ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலையில் முட்டுக்காடு பக்கம் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். கண்ணை மூடிக்கொண்டே எந்தக் காரில் கம்பெனி சைலன்சர் இருக்கிறது, எதில் மாற்றியிருக்கிறார்கள் என்று சொல்லிவிடலாம். மாற்றிய வண்டிகளில் சில சிங்கம் மாதிரி உறுமும். சில வண்டிகளோ காசநோய்க்காரர் மாதிரி இருமும். அந்த இருமுகிற வண்டிகள்தான் திங்கட்கிழமை பட்டறை வாசலில் வந்து நிற்கும். "அண்ணே, புது எக்ஸாஸ்ட் போட்டதிலிருந்து வண்டி உதறுது. ஸ்லோவுல நிக்க மாட்டேங்குது. மைலேஜும் போச்சு" என்பார் ஓனர்.

டிப்ளமோ முடித்து வெளியே போகும் நமக்கு இந்தக் கேள்வி எப்படியும் வரும். நம் ஊரும் மோட்டார் ஊர்தானே! 1999இல் ஃபோர்டு ஐகான் கார் வெளிவந்தது செங்கல்பட்டுக்குப் பக்கத்து மறைமலைநகர் ஆலையிலிருந்துதான். அதன் 1.6 லிட்டர் பெட்ரோல் இன்ஜினுக்கு வேகப் பிரியர்களிடம் தனி மவுசு. அந்த ஆலையில் கார் உற்பத்தி 2022இல் நின்றுவிட்டது. ஆனால் வண்டியை மாற்றிக் கட்டும் ஆசை மட்டும் நிற்கவில்லை. எனவே இந்த நோயை எந்த வரிசையில் தேடுவது என்று பார்த்துவிடுவோம்.

குழாயின் வேலை என்ன?

எக்ஸாஸ்ட் குழாய் வெறும் புகைபோக்கி அல்ல. நாலு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் இன்ஜின் 800 ஆர்.பி.எம்மில் ஸ்லோவில் ஓடும்போது விநாடிக்கு சுமார் 27 தடவை சூடான வாயு குழாய்க்குள் 'குப் குப்' என்று அடிக்கிறது. ஒவ்வொரு அடிக்கும் பின்னால் ஒரு குறைந்த அழுத்தம் உண்டாகிறது. அலை வந்து மோதிவிட்டுத் திரும்பும்போது கால் மணலை உள்ளே இழுக்கும் அல்லவா, அதே மாதிரி. குழாயின் நீளமும் விட்டமும் சரியாக இருந்தால், இந்த இழுப்பு அடுத்த சிலிண்டரின் புகையை வெளியே இழுக்க உதவும். இதைத்தான் ஸ்கேவெஞ்சிங் என்று படித்தோம்.

"பேக் பிரஷர் இல்லாட்டி வண்டி இழுக்காதுப்பா" என்று பழைய மெக்கானிக்குகள் சொல்வார்கள். அவர்கள் கண்டது உண்மை, சொன்ன காரணம்தான் வேறு. ரொம்பப் பெரிய குழாயைப் போட்டால் வாயுவின் வேகம் குறைகிறது. அதனால் அந்த இழுப்பும் குறைகிறது. கீழ் ஆர்.பி.எம்மில் பிக்-அப் போய்விடும். அம்பாசடர், பத்மினி மாதிரி கார்புரேட்டர் வண்டிகளில் இன்னொன்றும் உண்டு. புகை சுலபமாகப் போனால் காற்று அதிகமாக உள்ளே வரும். ஜெட் பழைய அளவிலேயே இருந்தால் கலவை லீன் ஆகிவிடலாம். அதற்கு மருந்து ஜெட்டும் டியூனிங்கும்தான். அழுத்தத்தைத் திரும்பக் கொண்டுவருவதால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

ஒன்றைப் பிரித்துப் புரிந்துகொள்ளுங்கள். பெரிய குழாய் போட்டதால் பிக்-அப் குறைவது வேறு, இன்ஜின் மிஸ் ஆகி உதறுவது வேறு. முதலாவது குழாயின் அளவில் உள்ள கோளாறு. இரண்டாவது பெரும்பாலும் குழாயை மாட்டிய விதத்தில் உள்ள கோளாறு.

ஸ்கேனர் ஒன்று சொல்ல, பிளக் வேறு சொல்ல...

இனி இன்ஜெக்‌ஷன் வண்டிக்கு வருவோம். இங்கே பெட்ரோலை அளந்து கொடுப்பது ஈ.சி.யூ. எவ்வளவு கொடுப்பது என்று அதற்குத் தகவல் சொல்பவர்களில் ஒருவர் எக்ஸாஸ்டில் உட்கார்ந்திருக்கும் ஆக்சிஜன் சென்சார். ஜிர்கோனியா வகை சென்சார் சுமார் 300 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடானால்தான் ஒழுங்காக வேலை செய்யும். புகையில் ஆக்சிஜன் அதிகமிருந்தால், அதாவது லீன் என்றால், 0.1 வோல்ட் பக்கம் காட்டும். ரிச் என்றால் 0.9 வோல்ட் பக்கம் போகும். நடுக்கோடு 0.45. நல்ல நிலையில் இந்த எண் மேலும் கீழும் ஊஞ்சலாடிக்கொண்டே இருக்கும். ஈ.சி.யூ. அதைப் பார்த்து 14.7 பங்கு காற்றுக்கு 1 பங்கு பெட்ரோல் என்ற எடைக் கணக்கைக் காப்பாற்றும். (புது வண்டிகள் பலவற்றில் வைடுபேண்டு வகை சென்சார் வருகிறது. அதற்கு இந்த வோல்ட் கணக்கு பொருந்தாது.)

இப்போது ஒரு வண்டி வருவதாக வைத்துக்கொள்வோம். ஹெட்டர் மாற்றியிருக்கிறார்கள். ஸ்கேனரில் பி0171, அதாவது 'கலவை லீன்'. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அடுப்புக்கரி மாதிரி கறுப்பு, அதாவது ரிச். யார் பொய் சொல்வது?

இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை! ஹெட்டர் ஃபிளாஞ்சில் சென்சாருக்கு முன்னால் நூலளவு கேப். இன்ஜின் புகையை அடிக்கும்போது அந்த கேப் வழியே புகை வெளியே கசிகிறது. அடுத்த கணம் குறைந்த அழுத்தம் வரும்போது அதே கேப் வழியே வெளிக்காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. காற்றில் சுமார் 21 சதவீதம் ஆக்சிஜன். சென்சார் அதை மோப்பம் பிடித்து "லீன், லீன்" என்று கத்துகிறது. ஈ.சி.யூ. அதை நம்பி பெட்ரோலைக் கூட்டுகிறது. சென்சாரோ கத்துவதை நிறுத்துவதாக இல்லை, ஏனென்றால் காற்று வெளியிலிருந்து வருகிறது. கடைசியில் பிளக் கரி பிடித்து, வண்டி மிஸ் ஆகி, மைலேஜ் சரிந்து, டெயில் பைப்பில் பெட்ரோல் வாடை.

இந்த இடத்தில்தான் பலர் ஆயிரக்கணக்கில் கொடுத்துப் புது சென்சார் வாங்கி மாட்டுகிறார்கள். புது சென்சாரும் அதே காற்றைத்தான் மோப்பம் பிடிக்கும், அதையேதான் சொல்லும். அதற்கப்புறம் இன்ஜெக்டர் சர்வீஸ், அதற்கப்புறம் ஈ.சி.யூ. என்று பில் ஏறிக்கொண்டே போகும். கோளாறு இருந்தது ஒரு கேஸ்கெட்டில்!

எதை முதலில் பார்ப்பது?

வரிசை முக்கியம். செலவில்லாததிலிருந்து செலவானதுக்குப் போக வேண்டும்.

1. கேள்வி கேளுங்கள். என்னென்ன கழற்றினார்கள்? கோளாறு அன்றே வந்ததா, ஒரு மாதம் கழித்தா? குளிர்ந்த இன்ஜினிலா, சூடானபின்னா? ஸ்லோவிலா, ஓட்டத்திலா? அன்றே வந்தது என்றால் மாட்டியதில் தப்பு என்று முக்கால்வாசி முடிவு கட்டலாம்.

2. கை பட்ட இடமெல்லாம் பாருங்கள். ஹெட்டர் மாட்டும்போது ஸ்பேனர் வழுக்கி பிளக் பீங்கானில் விரிசல் விழுந்திருக்கலாம். பிளக் ஒயர் சூடான குழாயில் பட்டு உருகியிருக்கலாம். காயில் கப்ளர் சரியாக 'டிக்' என்று உட்காராமல் இருக்கலாம். வேக்கம் ஓஸ் கழன்றிருக்கலாம். எர்த் ஒயரைத் திரும்பப் போட மறந்திருக்கலாம். ராத்திரி இருட்டில் இன்ஜினை ஓடவிட்டுப் பார்த்தால் ஒயரில் கரண்ட் கசிவது நீலப் பொறியாகத் தெரியும். எந்த சிலிண்டர் மிஸ் என்று கண்டுபிடிக்க பிளக் ஒயரைப் பிடுங்காதீர்கள். ஆயிரக்கணக்கான வோல்ட், ஆளைத் தூக்கி அடிக்கும். இன்ஜெக்டர் கப்ளரை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றினால் இன்ஜின் சத்தம் மாறவில்லையோ, அந்த சிலிண்டர்தான் தூங்குகிறது. ஸ்கேனரில் பி0301 என்றால் ஒன்றாவது சிலிண்டர், பி0302 என்றால் இரண்டாவது. மிஸ்ஸிங்கை முதலில் சரி பண்ணுங்கள். எரியாத சிலிண்டரின் ஆக்சிஜனும் புகையில் கலந்து சென்சாரை ஏமாற்றும்.

3. உதறுவது இன்ஜினா, பாடியா? ஆர்.பி.எம். ஆடாமல் நிற்கிறது, ஆனால் ஸ்டியரிங்கும் சீட்டும் அதிர்கின்றன என்றால் குழாய் எங்கோ பாடியில் முட்டுகிறது. தொங்கவிடும் ரப்பரை எடுத்துவிட்டுக் கம்பியை நேராக வெல்டு வைத்த வண்டிகளில் இது சகஜம். ரப்பரைத் திரும்பப் போடுங்கள். சூட்டில் குழாய் நீளும் என்பதால் இடைவெளியும் விடுங்கள். இன்ஜினுக்கு அடுத்து வளைகிற ஃபிளெக்ஸ் துண்டு இல்லாமல் கட்டினால், இன்ஜின் ஆடும் ஒவ்வொரு ஆட்டத்துக்கும் வெல்டு விட்டுப்போகும்.

4. ஓட்டையைத் தேடுங்கள். குளிர்ந்த இன்ஜினை ஸ்டார்ட் செய்த முதல் நிமிடம் முக்கியம். மேனிஃபோல்டு பக்கம் 'டுக் டுக்' என்று கேட்டு, சூடானதும் சத்தம் குறைந்தால் கேஸ்கெட் கசிவு என்று சந்தேகப்படலாம். சூட்டில் இரும்பு விரிந்து கேப் அடைபடுகிறது. மூட்டைச் சுற்றிக் கரிக்கோடு இருந்தால் அது கையெழுத்துப் போட்ட சாட்சி. பத்திரமான சோதனை இதோ: இன்ஜினை அணைத்து, ஆறவிட்டு, டெயில் பைப்பில் புளோயர் காற்றைக் கொடுத்து, எல்லா மூட்டிலும் வெல்டிலும் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். நுரை வரும் இடம்தான் ஓட்டை. ஸ்கேனர் இருந்தால் ஃபியூயல் டிரிம் பாருங்கள். பிளஸ், மைனஸ் 10 சதவீதத்துக்குள் இருந்தால் பெரும்பாலும் கவலையில்லை. ஸ்லோவில் பிளஸ் 20, 25 என்று ஏறி, 2500 ஆர்.பி.எம்மில் இறங்கி வந்தால் எங்கோ திருட்டுக் காற்று. இன்டேக் பக்கமா, எக்ஸாஸ்ட் பக்கமா என்பதற்குச் சோப்புத் தண்ணீரும் பிளக் நிறமும் பதில் சொல்லும்.

5. சென்சாரும் அதன் ஒயரும். ஹெட்டர் நீளமானதால் சென்சார் பின்னால் தள்ளிப் போயிருக்கும். புகை அங்கே போவதற்குள் ஆறிவிடும். ஹீட்டர் இல்லாத ஒற்றை ஒயர் சென்சார் என்றால் ஸ்லோவில் தூங்கிப்போகும். ஹீட்டர் உள்ள சென்சார் பொருத்துவதுதான் வழி. ஹீட்டர் சர்க்யூட் கோளாறென்றால் பி0135 வரும். ஒயரை நீட்டும்போது சால்டரிங் வைக்காதீர்கள். ஜிர்கோனியா சென்சார்கள் பலவற்றில் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டிய வெளிக்காற்று ஒயரின் இழைகளுக்கு நடுவேதான் உள்ளே போகிறது. ஈயம் அதை அடைத்துவிடும். கிரிம்ப் போதும். சென்சாரைக் குழாயின் அடிப்பக்கம் மாட்டக் கூடாது. தண்ணீர் தேங்கி, சூடான பீங்கான் வெடித்துவிடும். படுக்கை மட்டத்திலிருந்து குறைந்தது 10 டிகிரியாவது மேலே சாய்ந்து நிற்கட்டும். மூட்டுக்குக் கண்ட சிலிக்கான் பேஸ்ட்டையும் பூசாதீர்கள். அதன் ஆவி சென்சாருக்கு விஷம்.

6. அடைப்பு. குழாய் மாற்றும்போது தட்டிய தட்டில் பழைய கேட்டலிடிக் கன்வர்ட்டரின் செராமிக் உடைந்து பின்னால் போய் அடைத்திருக்கலாம். கேஸ்கெட் துளை சின்னதாகிப் போர்ட்டை மறைக்கலாம். வேக்கம் கேஜ் மாட்டுங்கள். நாம் கடல் மட்டத்துக்காரர்கள். நல்ல இன்ஜின் ஸ்லோவில் 17 முதல் 21 அங்குலம் காட்ட வேண்டும். 2500இல் பிடித்து நிறுத்தும்போது முள் மெதுவாக இறங்கிக்கொண்டே போனால் அடைப்பு. சென்சார் துளையில் பிரஷர் கேஜ் மாட்டி 2500இல் 3 பி.எஸ்.ஐ.க்கு மேல் வந்தால் சந்தேகமே வேண்டாம்.

இந்த ஆறும் முடிந்த பிறகே பெட்ரோல் பம்ப், இன்ஜெக்டர், ஈ.சி.யூ. டியூனிங் என்று போக வேண்டும்.

கன்வர்ட்டரை எடுத்துவிட்டால்?

சென்னை உட்பட நான்கு பெருநகரங்களில் புது பெட்ரோல் கார்களுக்கு கேட்டலிடிக் கன்வர்ட்டர் கட்டாயமானது 1995 ஏப்ரலில். ஈயம் கலந்த பெட்ரோல் நாடு முழுக்க நின்றது 2000 பிப்ரவரியில். 2013 ஏப்ரல் முதல் ஓ.பி.டி.-2 வந்த பிறகு, கன்வர்ட்டருக்குப் பின்னால் இருக்கும் இரண்டாவது சென்சார் அதை வேவு பார்க்கிறது. கன்வர்ட்டரை எடுத்தால் பி0420 வரும், செக் லைட் எரியும். ஆனால் வண்டி உதறுவதற்கு அது பெரும்பாலும் காரணம் இல்லை. "கேட் எடுத்ததாலதான் உதறுது" என்று யாராவது சொன்னால் நம்பாமல் முதல் ஐந்தையும் பாருங்கள்.

எதிர்ப்பக்கமும் உண்டு. மிஸ் ஆகிற வண்டியை அப்படியே ஓட்டினால், எரியாத பெட்ரோல் கன்வர்ட்டருக்குள் போய் எரிந்து அதைத் தணலாக்கிவிடும். அப்படிப்பட்ட வண்டியைக் கடற்கரைச் சவுக்குத் தோப்பில் காய்ந்த சருகு மேல் நிறுத்துவது தீப்பெட்டியை உரசிப் போடுவதற்குச் சமம்.

உப்புக் காற்று

கோவளம், மாமல்லபுரம், கல்பாக்கம் பக்கம் ஓடும் வண்டிக்கு ஒரு கூடுதல் எதிரி உண்டு. பல்லவன் ராஜசிம்மன் எட்டாம் நூற்றாண்டில் கட்டிய கடற்கரைக் கோயிலைப் பாருங்கள். கருங்கல் சிற்பங்களே உப்புக் காற்றில் முகம் தேய்ந்து நிற்கின்றன. சாதாரண இரும்புத் தகட்டு சைலன்சர் எம்மாத்திரம்? வெல்டு ஓரமும் போல்ட்டும் முதலில் போகும். கப்ளர் பின்னில் பச்சை பூத்து ரெசிஸ்டன்ஸ் கூடும். சென்சாரின் சிக்னல் ஒரு வோல்ட்டுக்கும் கீழே என்பதால் கொஞ்சம் பச்சை போதும், கணக்கு தப்பிவிடும். அதனால் மாட்டி ஒரு மாதம் கழித்து வரும் கோளாறென்றால் கப்ளரைக் கழற்றிப் பின்னைப் பார்க்காமல் விடாதீர்கள். போல்ட்டுகளை ஒருமுறை சூடாக்கி ஆறவிட்ட பின் மறுபடி டைட் செய்யும் பழக்கமும் வேண்டும்.

ஒரே ஓட்டை, இரண்டு ஆபத்து

இதுவரை படித்ததை ஒன்றுசேர்த்துப் பாருங்கள். சென்சாருக்கு முன்னால் உள்ள ஓட்டை இன்ஜினை ரிச் ஆக்குகிறது. ரிச் ஆனால் கார்பன் மோனாக்சைடு பல மடங்கு கூடும். அந்த கார்பன் மோனாக்சைடு வெளியே வருவதும் அதே ஓட்டை வழியாகத்தான், அதுவும் காருக்குப் பின்னால் இல்லை, ஓட்டுபவரின் காலடிக்கு முன்னால்! கன்வர்ட்டரும் இல்லை என்றால் பின்னால் வரும் புகையைச் சுத்தம் செய்யவும் ஆள் இல்லை.

கார்பன் மோனாக்சைடுக்கு நிறமில்லை, வாசனையில்லை. ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபினை ஆக்சிஜனைவிட இருநூறு மடங்குக்கும் மேல் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு தலைசுற்றல், தூக்கம். கண்ணாடியை ஏற்றி ஏ.சி. போட்டு, பின் சீட்டில் குழந்தை தூங்குகிறது என்று நினைத்துக்கொண்டு போகிறவருக்கு அது வெறும் தூக்கமா என்று எப்படித் தெரியும்? "வண்டியில போனா தலைவலிக்குது" என்று ஓனர் சொன்னால் அன்று அந்த வண்டி பட்டறையை விட்டு வெளியே போகக் கூடாது. நாமும் மூடிய ஷெட்டுக்குள் இன்ஜினை ஓடவிட்டுச் சோதனை செய்யக் கூடாது. ஷட்டரைத் திறந்துவிட்டு மற்ற வேலை.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன். 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், புகை, சத்த விதிகளை மீறி வண்டி ஓட்டினால் முதல் தடவையே 10,000 ரூபாய் வரை அபராதமோ, மூன்று மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கலாம். சத்தமும் வேகமும் வேண்டுமென்றால் 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத் தடம் இருக்கிறது. ஈ.சி.ஆர். பந்தயத் தடம் அல்ல. அதன் ஓரத்தில் மீனவக் குப்பங்கள் இருக்கின்றன, பள்ளிக்கூடங்கள் இருக்கின்றன.

முடிவாக ஒரு வார்த்தை. பார்ட்ஸை மாற்றிக்கொண்டே போவதற்கு டிப்ளமோ தேவையில்லை, அடுத்தவர் பணம் இருந்தால் போதும். காரணத்தைக் கண்டுபிடிப்பதற்குத்தான் நாம் மூன்று வருடம் படிக்கிறோம். இருபது ரூபாய் சோப்புத் தண்ணீரில் ஓட்டையைக் காட்டி, "சென்சார் நல்லாத்தான் இருக்கு சார், கேஸ்கெட்டை மாத்தினா போதும்" என்று சொல்கிற பையனிடம்தான் அந்த ஓனர் அடுத்த வருடமும் வருவார், நாலு பேரையும் கூட்டிக்கொண்டு வருவார். அந்தப் பையன் நம்மில் ஒருவனாக, அல்லது அந்தப் பெண் நம் வகுப்புத் தோழியாக இருக்கட்டும்!

வாழ்த்துகளுடன்,
மூன்றாமாண்டு ஆட்டோமொபைல் மாணவன்